கோப்பை பெருசா, கிளப் பெருசா?

போன ஞாயித்துக்கிழமை எங்க தெரு கபடி டீமோட மீட்டிங் நடந்தது. மீட்டிங்ன்னா பெருசா ஒண்ணும் இல்லை. டீக்கடை வாசல்ல ஒன்பது பேர், ரெண்டு பெஞ்ச், ஒரு தட்டு வடை. விஷயம் மட்டும் பெருசு. டீமைக் கலைச்சுடலாமா, கணக்குல மிச்சம் இருக்கிற 6,340 ரூபாயை என்ன பண்ணலாம்?

ரெண்டு வருஷம் முன்னாடி வரை கிரிவலப் பாதையில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு காலி மனையில ஆடிக்கிட்டு இருந்தோம். மனைக்காரர் வேலி போட்டுட்டார். அவர் இடம், அவர் போட்டார், தப்பு சொல்ல முடியாது. திருவண்ணாமலையில மனை விலை எங்க போயிருக்குன்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுக்கப்புறம் ஆட்டம் குறைஞ்சுது. ரெண்டு பேர் ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டாங்க. நான் காலேஜ் ஹாஸ்டலுக்கு வந்துட்டேன். ஒரு பொங்கல் போட்டியில ஜெயிச்ச சுழற்கோப்பை மட்டும் டீக்கடை அலமாரியில பன் பாட்டிலுக்குப் பக்கத்துல நிக்குது. போட்டி நடத்தின ஊர்க்காரங்க போட்டியையே நிறுத்திட்டதால கோப்பை சுழலாம எங்ககிட்டயே தங்கிடுச்சு.

கேப்டன் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "காசைப் பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு எழுநூறு வரும், பிரியாணியோட போயிடும். அதுக்குப் பதிலா நம்ம டீம் பேர்ல ஒரு கோப்பை செஞ்சு, பெரிய டோர்னமெண்ட் நடத்துறவங்ககிட்ட கொடுத்துடலாம்டா. டீம் போனாலும் பேர் நிக்கும்."

எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு மட்டும் பகீர்னு இருந்துது. ஏன்னா இதே யோசனையை 1877ல ஒருத்தர் சொல்லியிருக்கார். அது கபடி இல்லை, ரக்பி. ஊர் கல்கத்தா. அந்தக் கோப்பை இன்னிக்கும் இருக்கு. உலகத்துல ரக்பி தெரிஞ்ச எல்லாருக்கும் அது பேர் தெரியும். ஆனா அதைக் கொடுத்தவங்க எதுக்காகக் கொடுத்தாங்களோ, அது நடக்கவே இல்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ வாங்கி வச்சுக்கிட்டுப் படிங்க :-)

*

ரக்பின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு பத்தி. தெரிஞ்சவங்க தாண்டிப் போகலாம். நீள்வட்டமான பந்து. ஒரு பக்கம் 15 பேர். பந்தைக் கையில எடுத்துக்கிட்டு ஓடலாம், ஆனா முன்னாடி இருக்கிறவனுக்குக் கையால தூக்கிப் போடக்கூடாது, பின்னாடிதான் கொடுக்கணும். எதிராளி உங்களைப் பிடிச்சுச் சாய்க்கலாம். எதிர்ப்பக்கக் கோட்டுக்கு அந்தாண்ட பந்தைத் தரையில அழுத்தினா 5 புள்ளி. அதுக்குப் பேர் 'ட்ரை'. ஆரம்ப காலத்துல அதுக்குப் புள்ளியே கிடையாது, கோல் உதைச்சுப் பார்க்க ஒரு முயற்சி கிடைக்கும், அவ்வளவுதான். பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு.

எனக்கு ரக்பி எப்படித் தெரியும்னு கேட்கலாம். ஹாஸ்டல்ல ஒருத்தன் காலேஜ் ரக்பி டீம்ல இருக்கான். ஆள் பத்தலைன்னு "நீ கபடி ஆடுவல்ல, வா மச்சி"ன்னு இழுத்துட்டுப் போனான். கபடியில காலைப் பிடிச்சுத்தான் பழக்கம். இங்க பிடிக்கிறதுக்கு முன்னாடியே எவனோ ஒருத்தன் லாரி மாதிரி வந்து மோதினான். மூணு நாள் இடது தோள் தூக்க முடியலை. அந்த மூணு நாள் படுத்துக்கிட்டே படிச்சதுதான் கீழ வர்ற எல்லாம்.

*

1872 கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கல்கத்தாவுல ஒரு ரக்பி ஆட்டம் நடந்துது. அப்போ ஒரு பக்கம் 20 பேர். இங்கிலாந்துக்காரங்க ஒரு பக்கம், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரங்க சேர்ந்து இன்னொரு பக்கம். ஆட்டம் பிடிச்சுப் போய் ஒரு வாரத்துல திரும்ப ஆடினாங்க. 1873 ஜனவரியில கல்கத்தா ஃபுட்பால் கிளப் உருவாச்சு. அடுத்த வருஷமே லண்டன்ல இருந்த ரக்பி ஃபுட்பால் யூனியன்ல சேர்ந்துட்டாங்க. அந்த யூனியனே 1871ல தொடங்கினதுதான். அதாவது ரக்பியில கல்கத்தா ஒண்ணும் பின்னாடி வந்த ஊர் இல்லை.

கிளப் முதல் வருஷம் அமோகமா ஓடிச்சு. காரணம், உறுப்பினர்களுக்கு மது இலவசம். அதை நிறுத்தினதும் உறுப்பினர் எண்ணிக்கை இறங்கிடுச்சு (மனுஷன் எந்தக் காலத்துலயும் மனுஷன்தான்!). பட்டாளக்காரங்க ஊர் மாறிப் போனாங்க. மிச்சம் இருந்தவங்களுக்கு டென்னிஸும் போலோவும் அந்த வெயிலுக்கு ஒத்து வர்ற ஆட்டமா தெரிஞ்சுது. ஆட ஆள் இல்லை.

கேப்டன், செயலாளர், பொருளாளர் மூணு வேலையும் ஒரே ஆள் தலையில. அவர் பேர் ஜி.ஏ. ஜேம்ஸ் ராத்னி. கிளப்பை இழுத்து மூடணும், வங்கியில காசு இருக்கு. அவர் 1877 டிசம்பர்ல லண்டன் யூனியனுக்கு எழுதினார்: இந்தக் காசுல ஒரு கோப்பை செஞ்சு தர்றோம், வருஷா வருஷம் அதுக்காகப் போட்டி நடத்துங்க. யூனியன் சரின்னுச்சு. வங்கியில இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாவே எடுத்தாங்க. 270 ரூபாய். அதை உருக்கித்தான் கோப்பை. மூணு கைப்பிடியும் மூணு ராஜநாகம். மூடி மேல ஒரு யானை. இந்தியத் தட்டான் வேலை. பார்த்தாலே தெரியும்.

இதுதான் கல்கத்தா கோப்பை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மோதிக்கிறது இதுக்காகத்தான். முதல் ஆட்டம் 1879 மார்ச் 10, எடின்பரோவுல. டிரா.

இங்கதான் சிக்கல். கல்கத்தாக்காரங்க கேட்டது நாடுகளுக்கான கோப்பை இல்லை. அப்போ இங்கிலாந்துல கால்பந்துக்கு எஃப்.ஏ. கோப்பை 1871-72 சீசன்ல தொடங்கி சக்கைப் போடு போட்டுக்கிட்டு இருந்துது. எந்த ஊர் கிளப் வேணாலும் மோதலாம். அந்த மாதிரி ரக்பி கிளப்புகளுக்கு ஒரு போட்டி வரணும், அதுக்கு இந்தக் கோப்பைன்னுதான் அவங்க நினைச்சாங்க. ஒரு கிளப் சாகும்போது மத்த கிளப்புகளுக்கு எழுதி வச்ச உயில் அது. லண்டன் யூனியன் கோப்பையை வாங்கிக்கிச்சு, உயிலைத் தள்ளி வச்சிடுச்சு. கிளப்புகள் கோப்பைக்காக அடிச்சுக்க ஆரம்பிச்சா, கௌரவத்துக்காக ஆடுற ஆட்டம் கெட்டுப் போயிடும்னு அவங்க பயம்.

இங்கிலாந்து கிளப்புகளுக்குன்னு நாடு முழுக்க ஒரு நாக் அவுட் போட்டி எப்ப வந்துச்சு தெரியுமா? 1971-72ல. முதல்ல ஜெயிச்சது குளோஸ்டர். ராத்னி கடிதம் எழுதி கிட்டத்தட்ட 95 வருஷம் கழிச்சு!

*

கிளப் போட்டின்னா ஏன் இவ்வளவு பயம்? பின்னாடி இருந்தது காசுதான். கோப்பை வந்தா கூட்டம் வரும், கூட்டம் வந்தா டிக்கெட் காசு வரும், காசு வந்தா ஆட்டக்காரன் பங்கு கேட்பான். வடக்கு இங்கிலாந்துல மில்லுலயும் சுரங்கத்துலயும் வேலை பார்த்தவங்க சனிக்கிழமை ஆடப் போனா கூலி போயிடும். அந்தக் கூலியையாவது கொடுங்கன்னு கேட்டாங்க. யூனியன் முடியாதுன்னுச்சு. 1895 ஆகஸ்ட்ல வடக்கு கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டுல கூடிப் பேசி தனியாப் பிரிஞ்சு போயிட்டாங்க. அப்படிப் பொறந்ததுதான் ரக்பி லீக். பழையது ரக்பி யூனியன். வசதியானவன் சும்மா ஆடலாம், கூலிக்காரன் சும்மா ஆட முடியாது. அந்தச் சின்ன உண்மையை ஒத்துக்க யூனியனுக்குச் சரியா நூறு வருஷம் ஆச்சு. 1995 ஆகஸ்ட்லதான் ரக்பி யூனியன்ல ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கலாம்னு அறிவிச்சாங்க.

பிரான்ஸ்காரங்க இந்த விஷயத்துல வேற மாதிரி. அங்க கிளப் சாம்பியன்ஷிப் 1892லயே தொடங்கியாச்சு. முதல் இறுதி ஆட்டத்துக்கு நடுவர் யாருன்னா, பின்னால நவீன ஒலிம்பிக்ஸைத் தொடங்கி வச்ச பியர் து கூபர்தான். துலூஸ் மாதிரி ஊர்கள்ல கிளப்புன்னா ஊர் அடையாளம். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

1995ல தான் ஐரோப்பா முழுக்கக் கிளப்புகளுக்கு ஒரு போட்டி வந்துது. ஹைனகென் கோப்பை. பீர் கம்பெனி பேர். பிரான்ஸ்ல மது விளம்பரத்துக்குத் தடை இருக்கிறதால அங்க மட்டும் 'எச் கோப்பை'ன்னு கூப்பிட்டாங்க. கல்கத்தா கிளப் இலவச மதுவால வளர்ந்து அது நின்னதும் சரிஞ்சது ஞாபகம் இருக்கா? ரக்பிக்கும் அதுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்.

முதல் வருஷம் 12 அணிகள்தான். பிரான்ஸ், அயர்லாந்து, வேல்ஸ், இத்தாலி, ருமேனியா. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வரலை! கல்கத்தா கோப்பையை வச்சுக்கிட்டு இருந்த அதே ரெண்டு நாடு. முதல் ஆட்டம் 1995 அக்டோபர் 31, ருமேனியாவுல கருங்கடல் ஓரத்துல கான்ஸ்டான்சான்னு ஒரு துறைமுக ஊர். துலூஸ் 54-10ன்னு ஜெயிச்சுது. 1996 ஜனவரியில கார்டிஃப் நகரத்துல இறுதி ஆட்டம். கூடுதல் நேரம் வரைக்கும் போய் துலூஸ் 21-18ன்னு கார்டிஃபை ஜெயிச்சுது. மைதானத்துல 21,800 பேர். பத்துப் பதினோரு வருஷத்துல இதே போட்டியோட இறுதி ஆட்டத்துக்கு எண்பதாயிரம் பேர் வந்தாங்க. ஜனங்களுக்குக் கிளப் போட்டி வேணுமா வேணாமான்னு இதுக்கு மேல ஆதாரம் வேணுமா என்ன?

இங்கிலாந்து கிளப்புகள் அடுத்த வருஷம் வந்தாங்க. 1998-99ல கோவிச்சுக்கிட்டுப் போனாங்க. அந்த வருஷம் அயர்லாந்தோட அல்ஸ்டர் ஜெயிச்சுது. திரும்ப வந்தாங்க. கல்யாண வீட்டு மாமா மாதிரி. ஆனா அவங்க இல்லாம பந்தி நடக்காதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க, அல்ஸ்டர் ஆளுங்க நல்லாவே சாப்பிட்டாங்க.

*

இந்தப் போட்டியில எனக்குப் பிடிச்ச டீம் மன்ஸ்டர். கறாரா சொன்னா அது கிளப் கூட இல்லை, அயர்லாந்துல தெற்கு மாகாண அணி. ஆனா லிமெரிக்ங்கிற ஊர்ல அதுக்கு இருக்கிற மரியாதை தனி. மத்த ஊர்ல ரக்பி பணக்காரப் பள்ளிக்கூடத்து ஆட்டம், லிமெரிக்ல துறைமுகக் கூலியும் டாக்டரும் சேர்ந்து ஆடுற ஆட்டம். அவங்க மைதானம் தோமண்ட் பார்க்ல ஒரு வழக்கம் உண்டு. யாராவது கோல் உதைக்க நின்னா மைதானமே அமைதியாயிடும். நம்ம ஆள் உதைக்கும்போது மட்டும் இல்லை, எதிராளி உதைக்கும்போதும்தான். நம்ம ஊர் ஆளுங்க விசில் அடிச்சே கொன்னுடுவோம்!

மன்ஸ்டர் 2000 இறுதி ஆட்டத்துல 9-8ன்னு தோத்தாங்க. ஒரே ஒரு புள்ளி. 2002ல திரும்பத் தோத்தாங்க. 2006ல கார்டிஃப்ல பியாரிட்ஸ் கிளப்பை 23-19ன்னு ஜெயிச்சாங்க. அந்த ஆட்டத்துக்கு நடுவுல மைதானத்துப் பெரிய திரையில லிமெரிக் தெருவை நேரடியா காட்டினாங்க. மேட்சுக்கு வர முடியாதவங்க ஆயிரக்கணக்குல தெருவுல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஆட்டக்காரங்க அதைப் பார்த்தாங்க. இதை நான் யூட்யூப்ல பார்த்தப்ப எங்க பொங்கல் ஃபைனல்தான் ஞாபகம் வந்துது. டிராக்டர் மேல, மாடி மேல, வேப்பமரத்து மேல எங்க தெருவே உட்கார்ந்து இருந்துது. எங்கம்மா கபடி விதி ஒண்ணும் தெரியாம கத்திக்கிட்டு இருந்தாங்க.

இப்ப இன்னொரு கிளப். லண்டன் வாஸ்ப்ஸ். 1867ல தொடங்கினது, அதாவது லண்டன் யூனியனுக்கே மூத்தது. 2004லயும் 2007லயும் ஹைனகென் கோப்பையை ஜெயிச்சவங்க. ஐரோப்பாவோட சாம்பியன், ரெண்டு தடவை. ஆனா சொந்த மைதானம் இல்லை. அங்க இங்க வாடகைக்கு ஆடி ஆடி, 2014 கடைசியில லண்டன் பக்கத்தையே விட்டு கவென்ட்ரிக்குப் போனாங்க. பெரிய ஸ்டேடியம், பெரிய கடன். 2022 அக்டோபர்ல திவால். தொழில்முறை அணி அதோட ஆடறதை நிறுத்திடுச்சு. ரெண்டு ஐரோப்பியக் கோப்பை ஒரு மைதானத்தைக் காப்பாத்தித் தரலை.

கோப்பையோட கதையும் அப்படித்தான். 2012ல இங்கிலாந்து, பிரான்ஸ் கிளப்புகள் நாங்க வெளியே போறோம்னு நோட்டீஸ் கொடுத்தாங்க. டிவி உரிமையை யார் விக்கிறது, காசை எப்படிப் பிரிக்கிறது, எந்த நாட்டு அணி எப்படித் தகுதி பெறுறதுன்னு ரெண்டு வருஷம் சண்டை. 2014 மே மாசம் கடைசி ஹைனகென் இறுதி ஆட்டம். துலோன் 23-6ன்னு ஜெயிச்சுது. துலோன் முதலாளி ஒரு காமிக்ஸ் பதிப்பாளர், காசை அள்ளி வீசி உலகம் முழுக்க ஸ்டார்களைக் கொண்டு வந்தவர். அந்தப் போட்டி அதோட முடிஞ்சுது. புது நிர்வாகம், புதுக் கோப்பை, 24 அணி 20 ஆச்சு, காசு மூணு லீகுக்கும் மூணு பங்கு. பேர் சாம்பியன்ஸ் கோப்பை. 2022-23ல இருந்து தென்னாப்பிரிக்க அணிகளும் ஆடுது. ஐரோப்பியக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவுல இருந்து விமானம்!

நிர்வாகம் மாறிச்சு, பேர் மாறிச்சு, வெள்ளிப் பாத்திரமே மாறிச்சு. மாறாம நின்னது எது? துலூஸ். 1996ல முதல் கோப்பை ஜெயிச்ச அதே துலூஸ் 2024ல ஆறாவது தடவை ஜெயிச்சுது. வேற யாரும் ஆறு ஜெயிச்சதில்லை. ஊர்ல வேர் இருக்கிற கிளப்.

*

"எங்கயோ ஐரோப்பாவுல நடந்ததை வச்சு நம்ம ஊருக்கு நியாயம் பேசாத"ன்னு சொல்வீங்க. சரி, நம்ம பக்கமே வருவோம்.

கல்கத்தாவுல ரக்பி மொத்தமா சாகலை. 1884 வாக்குல திரும்பத் தொடங்கினாங்க. 1890ல உள்ளூர் கிளப்புகளுக்குள்ள ஒரு கோப்பைப் போட்டி வச்சாங்க. அதாவது லண்டன் எதைச் செய்ய மறுத்துச்சோ அதைக் கல்கத்தாவே செஞ்சுக்கிச்சு. 1924ல அகில இந்தியப் போட்டி தொடங்கிச்சு. கல்கத்தா, பம்பாய், மதராஸ் கிளப்புகளோட இலங்கையில இருந்தும் அணிகள் கடல் தாண்டி வந்து ஆடியிருக்கு. ஹைனகென் கோப்பைக்கு எழுபது வருஷம் முன்னாடியே நம்ம பக்கம் ரெண்டு நாட்டு ரக்பி அணிகள் மோதிக்கிட்ட போட்டி! இதை எந்த விளையாட்டு புத்தகமும் எனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லலை.

அப்புறம் ஏன் தமிழ்நாட்டுல பத்துப் பேரைக் கேட்டா ஒன்பது பேருக்கு ரக்பின்னா தெரியலை? அதே ஆங்கிலேயன், அதே பந்து, அதே காலம். கொழும்புலயும் கண்டியிலயும் பள்ளிக்கூட ரக்பி மேட்சுக்கே கூட்டம் அலைமோதுது. நமக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு சின்னக் கடல்தான்.

எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான். இங்க ரக்பி ஜிம்கானா கிளப் வேலிக்குள்ளயே இருந்துச்சு. வெள்ளைக்காரங்க கிளப், வெள்ளைக்காரங்க ஆட்டம். வேலிக்கு வெளியே நின்னவனுக்குப் பந்து வரவே இல்லை. இலங்கையில 1891லயே கண்டியில கிங்ஸ்வுட் கல்லூரியைத் தொடங்கின எல்.ஈ. பிளேஸ் தன் பள்ளிக்கூடப் பசங்களுக்கு ரக்பியைச் சொல்லிக் கொடுத்தார். 1906ல கிங்ஸ்வுட்டும் ட்ரினிட்டியும் மோதின பள்ளி ஆட்டம் நடந்துது. கொழும்புல ஐரோப்பியர் கிளப்புல இடம் கிடைக்காத உள்ளூர்க்காரங்க 1922ல தங்களுக்குன்னு சிலோனீஸ் ரக்பி கிளப்பைத் தொடங்கினாங்க. 1945ல இருந்து ராயல் கல்லூரியும் ட்ரினிட்டியும் பிராட்பி கேடயத்துக்காக மோதுறாங்க. அதனால வெள்ளைக்காரன் கப்பல் ஏறினப்ப அங்க ஆட்டம் கப்பல் ஏறலை. இங்க ஏறிடுச்சு. கல்கத்தாவுலயும் பம்பாயிலயும் கொஞ்சம் தங்கிச்சு, அவ்வளவுதான்.

கோப்பை ரெண்டு பக்கமும் இருந்துச்சு. பசங்க ஆட இடமும் சொல்லிக்கொடுக்க ஆளும் ஒரு பக்கம்தான் இருந்துச்சு.

இந்தியாவுக்குன்னு ஒரு ரக்பி யூனியனும் தேசிய அணியும் முறையா வந்ததே 1998ல. அந்த முதல் அணியில ஆடினவர்களில் ஒருத்தர் ராகுல் போஸ். 'விஸ்வரூபம்' படத்துல ஒரு கண்ணோட வில்லனா மிரட்டுவாரே, அவரேதான்! 2025 ஜூன்ல மும்பையில ரக்பி பிரீமியர் லீக் நடந்தப்ப ரக்பி இந்தியா தலைவர் அவர். ஆறு அணி, ஏழு பேர் ஆடுற வகை, வெளிநாட்டு ஸ்டார்கள். இறுதி ஆட்டத்துல சென்னை புல்ஸ் 41-0ன்னு டெல்லியை நொறுக்கிட்டாங்க. சந்தோஷம்தான், நானும் கத்தினேன். ஆனா ஒரு கேள்வி. அந்த சீசன்ல எல்லா ஆட்டமும் மும்பையில ஒரே மைதானத்துல. சென்னைங்கிற பேர்ல ஜெயிச்ச டீம் சென்னையில ஒரு ஆட்டம் கூட ஆடலை. லிமெரிக் தெரு மாதிரி காட்டறதுக்கு எந்தத் தெருவைக் காட்டுவாங்க?

கபடியிலயும் இதே கதைதான். புரோ கபடி 2014ல வந்துச்சு, தமிழ் தலைவாஸ் 2017ல வந்துச்சு. எங்க தெருவுல சின்னப் பசங்க தலைவாஸ் பனியன் போட்டுக்கிட்டுத் திரியறாங்க. ஆட இடம்தான் இல்லை. நான் லீகுக்கு எதிரி இல்லை. ஒரு கபடிக்காரன் கபடி ஆடியே வீடு கட்ட முடியுதுன்னா அது நல்லதுதான். நூறு வருஷம் கூலி கொடுக்க மாட்டேன்னு அடம் பிடிச்ச ரக்பி யூனியனை விட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனா மேல மாடி கட்டுறவங்க கீழ தரைத்தளம் இருக்கான்னு பார்க்கணும் இல்லையா? மாடிக்கு டிவி வெளிச்சம் இருக்கு, தரைத்தளத்துக்கு யார் இருக்கா?

*

இப்ப எங்க 6,340 ரூபாய்க்கு வர்றேன்.

மீட்டிங் முடிஞ்சு கேப்டன் அண்ணன்கிட்ட போன்ல இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, அவங்க அந்தக் கோப்பையைச் செய்யாம காசைப் பிரிச்சுக்கிட்டு இருந்தா, இன்னிக்கு நீ அந்த கிளப்பைப் பத்திப் படிச்சிருப்பியா? இப்ப நீ பேசறதே அந்தக் கோப்பையாலதான்டா."

நியாயமான கேள்வி. ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். அவர் சொல்றது பாதி உண்மை. கோப்பை பேரைக் காப்பாத்திச்சு. ஆனா அந்தக் கோப்பை இப்ப எங்க இருக்கு? ரொம்ப நொய்ஞ்சு போச்சுன்னு லண்டன் ட்விக்கன்ஹாம் அருங்காட்சியகத்துல இருக்கு. மேட்சுல கொடுக்கிறது அதே அளவு நகல். 1988ல எடின்பரோவுல ரெண்டு டீம் ஆட்டக்காரங்க ராத்திரி போதையில தெருவுல அதை உதைச்சு விளையாடி நசுக்கிட்டாங்க. கல்கத்தா ஆளுங்க உருக்கின 270 ரூபாய் பட்ட பாடு அது. கல்கத்தா பேர் கோப்பையில இருக்கு, கல்கத்தாக்காரன் அந்த மைதானத்துல இல்லை. மறுபக்கம், அந்த ஊர்ல திரும்ப ரக்பியைத் தொடங்கினவங்க பேர் நமக்குத் தெரியாது. ஆனா அந்தப் பழைய கிளப்போட வாரிசான கல்கத்தா கிரிக்கெட் அண்ட் ஃபுட்பால் கிளப்புல இன்னிக்கும் ரக்பி ஆடறாங்க. பேர் தெரியாத அந்த ஆளுங்கதான் என் கட்சி.

அதனால வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல என் ஓட்டு கோப்பைக்கு இல்லை. எங்க டீம்ல ஒருத்தனோட மாமாவுக்கு ஊருக்கு வெளியே கொல்லை இருக்கு. மல்லாட்டை பிடுங்கினதும் நாலு மாசம் சும்மாதான் கிடக்கும், ஆடிக்கங்கடான்னு சொல்லியிருக்கார். அதை நிரவி, மேல போட மண் அடிச்சு, கோடு போட்டா ஒரு ஆடுகளம் ஆச்சு. 6,340 ரூபாய் பத்தாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டா பத்தும். நாங்க ஆட மாட்டோம், வேலை, காலேஜ்ன்னு சிதறிட்டோம். தலைவாஸ் பனியன் போட்ட அந்தச் சின்னப் பசங்க ஆடட்டும். சனி, ஞாயிறு ஊருக்கு வர்றவன் ஒருத்தன் சொல்லிக் கொடுக்கட்டும். டீம் பேரை அவங்க மாத்திக்கிட்டாலும் பரவாயில்லை.

கோப்பைக்கு என்ன பண்றதுன்னு கேட்டா, டீக்கடையில பன் பாட்டிலுக்குப் பக்கத்துல இருக்கிறதே இருக்கட்டும். திரும்பச் சுழல வைக்க அந்தப் பசங்களுக்குள்ளயே நாலு தெரு டீம் சேர்ந்தா போதும்.

அண்ணன் இன்னும் ஒத்துக்கலை. "பார்க்கலாம்டா"ன்னு மட்டும் சொன்னார். ஒன்பது ஓட்டுல எனக்கு மூணு நிச்சயம், ரெண்டு இழுபறி. எங்க தெரு ஆளுங்க யாராவது இதைப் படிச்சா ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு டீக்கடைக்கு வந்துடுங்க. மத்தவங்க, உங்க ஊர்ல கலைஞ்சு போன டீம் இருந்தா, மிச்சக் காசை என்ன பண்ணீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அண்ணன்கிட்ட காட்டணும்.

பி.கு: தோள்வலி சரியாயிடுச்சு. அடுத்த வாரம் திரும்ப ரக்பி பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கான். அடுத்த பதிவு வரலைன்னா காரணம் உங்களுக்கே தெரியும் :-)